ஆட்டத்தின் இலக்கும் வாழ்வின் இலக்கும்

(மஹல்லா மாணவர் - பெற்றோர் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். வாழ்வின் நோக்கம், தத்துவம், வீடியோ கேம் ஆகிய மூன்றும் ஒரே பேச்சில் எவ்வாறு சேரும்? முதல் இரண்டும் நூலகத்து அலமாரியில் இருப்பவை. மூன்றாவது நம் பிள்ளைகளின் கைபேசியில் இருப்பது. ஆயினும் நம் இல்லங்களில் இரவு நேரத்தில் எழும் வாக்குவாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். "எந்நேரமும் அந்தச் செல்போனிலேயே கிடக்கிறாயே, உருப்படும் வழியைப் பார்" என்று தந்தை கூறுகிறார். மகன் விடை கூறாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தந்தை கூறும் அந்த 'உருப்படும் வழி' எது? எதற்காக உருப்பட வேண்டும்? உருப்பட்ட பின் என்ன? தந்தை தம்மை அறியாமலேயே தத்துவத்தின் வாயிலில் வந்து நிற்கிறார். ஆனால் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் படுக்கச் சென்றுவிடுகிறார். அந்தக் கேள்வியை இன்று முழுமையாகக் கேட்டுப் பார்ப்போம்.

விளையாட்டு என்பது யாது?

கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெர்னார்ட் சூட்ஸ். அவர் 1978-ஆம் ஆண்டில் 'வெட்டுக்கிளி' என்ற பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். எறும்பும் வெட்டுக்கிளியும் பற்றிய கதையை நாம் தொடக்கப் பள்ளியிலேயே அறிவோம். கோடையில் உழைத்துச் சேமித்த எறும்பு பிழைத்தது. ஆடிப் பாடித் திரிந்த வெட்டுக்கிளி குளிர்காலத்தில் பட்டினி கிடந்தது. சூட்ஸ் அந்த வெட்டுக்கிளியையே தம் நூலின் ஆசானாக அமர்த்தி, விளையாட்டின் சார்பில் வாதாட வைத்தார். விளையாட்டுக்கு அவர் வகுத்த இலக்கணத்தின் சாரம் இதுதான்: தேவையற்ற தடைகளை நாமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு.

நம் கொங்கு மண்ணின் கபடியை எடுத்துக்கொள்வோம். எதிரணியினர் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் வேலை என்றால், அதை நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டே செய்யலாமே! மூச்சடக்கிப் பாடிக்கொண்டே செல்ல வேண்டும் என்ற விதி எதற்கு? அந்த விதியை நீக்கினால் வேலை எளிதாகும். ஆனால் அங்கே கபடி இராது. ஓட்டப்பந்தயமும் அவ்வாறே. மைதானத்தைச் சுற்றி ஓடாமல் குறுக்கே நடந்து சென்றால் எல்லைக்கோட்டை விரைவில் அடையலாம். அவ்வாறு செய்பவனை எவரும் வென்றவன் என்று கூறுவதில்லை.

இதிலிருந்து பெற்றோர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மனிதன் எளிமையை மட்டும் தேடுபவன் அல்லன். தன் ஆற்றலுக்குத் தக்க கடினத்தையும் தேடுபவன். பாடநூலைத் திறக்கச் சொன்னால் சோம்பல் முறிக்கும் அதே பிள்ளை, விளையாட்டில் ஒரு கட்டத்தைக் கடக்கப் பத்து முறை தோற்றுப் பதினோராவது முறையும் முயல்கிறான். அவனுக்கு உழைப்பில் வெறுப்பு இல்லை. அவன் உழைப்பு செல்லும் முகவரி வேறாக இருக்கிறது.

திரையில் அவன் பெறுவது என்ன?

விளையாட்டைக் குறித்து நம் முன்னோர்கள் கடுமையான கருத்தே கொண்டிருந்தார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மை அன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும் இடத்தில், மக்தபிலிருந்து திரும்பும் சிறுவனை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தையே திணித்தால் அவன் உள்ளம் வாடும், அறிவு மழுங்கும், வாழ்க்கையே கசந்துபோய்த் தப்பிக்கும் தந்திரங்களைத் தேடுவான் என்பது அவர்களின் எச்சரிக்கை. இதை எழுதியவர் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியையும் நாம் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

எனவே விளையாடுவது குற்றமா என்பதை விடுத்து, பிள்ளை அங்கே எதைப் பெறுகிறான் என்று கேட்பதே பொருத்தம். நான்கு பொருள்களைப் பெறுகிறான் என்று நாம் கருதுகிறோம். முதலாவது, தெளிவான இலக்கு. இந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. இரண்டாவது, ஆளுக்கேற்ப மாறாத விதி. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். நேற்று முடியாதது இன்று முடிகிறது. நான்காவது, தோழமை. அவன் வரவில்லையென்றால் அவனுடைய அணி தேடுகிறது.

இப்போது அவனுடைய பகற்பொழுதை நோக்குங்கள். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. இலக்கு பத்தாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. தொண்ணூற்றெட்டு எடுத்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கிறோம். விசைத்தறியிலோ, பவுண்டரியிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலைக்குச் செல்லும் இளைஞனின் நிலை இன்னும் கடினமானது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் அவனிடம், "இன்று என்ன சாதித்தாய்?" என்று கேட்பவர் எவருமில்லை. திரை கேட்கிறது, பாராட்டவும் செய்கிறது. அவன் அங்கே செல்வதில் வியப்பில்லை.

ஒரு நார்வே நாட்டு மகனின் வரலாறு

திரைக்குள் இருக்கும் தோழமை பொய்யானது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடவும் இயலாது. நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் கொடிய நோயுடன் பிறந்தவர். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் கழித்தார். நட்பு, காதல், பிறர்க்கு உதவும் வாய்ப்பு ஆகிய எதையும் அறியாமலேயே தம் மகனின் வாழ்வு கழிகிறதே என்று பெற்றோர் மனம் வருந்தினர். 2014-ஆம் ஆண்டில் தம் இருபத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.

அவருடைய வலைப்பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை எழுதினார். அதன் பின்னர் வந்து குவிந்த கடிதங்கள் அந்தக் குடும்பத்தையே திகைக்க வைத்தன. 'இபெலின்' என்ற பெயரில் அந்த விளையாட்டுக்குள் வாழ்ந்த மாட்ஸ், பலருடைய துயரங்களுக்குச் செவிசாய்த்த நண்பராக இருந்திருக்கிறார். தன் மகனுடன் நெருங்க இயலாமல் தவித்த ஒரு தாய்க்கு, அந்த மகனுடன் சேர்ந்து விளையாடுமாறு அவர் வழி கூறியிருக்கிறார். அதனால் தாய்க்கும் மகனுக்கும் இடையே புதிய உறவு மலர்ந்தது. நேரில் ஒருமுறைகூடச் சந்தித்திராத நண்பர்கள் வேறு நாடுகளிலிருந்து அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்து சேர்ந்தார்கள். 2024-இல் வெளியான ஆவணப்படம் ஒன்று இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது.

மாட்ஸின் வாழ்வுக்குப் பொருள் தந்தது அவர் வென்ற போர்களா? அவருடைய வீரனின் தரவரிசை என்னவென்று அந்தக் கடிதங்களில் எவரும் துக்கப்படவில்லை. அவர் எவ்வாறு செவிசாய்த்தார், யாருக்குத் துணை நின்றார் என்பதைத்தான் எழுதினார்கள். விளையாட்டு அவருக்கு ஒரு திண்ணையாக அமைந்தது. திண்ணையில் அமர்ந்து அவர் செய்த நன்மையே அவருடைய வாழ்வாயிற்று.

ஒரு தமிழ்த் தாயின் கதை

விளையாட்டின் வழியே கருத்தைக் கூறுவது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் நாட்டின் பரமபதப் பலகையில் ஏணிகள் நற்குணங்களாகவும் பாம்புகள் தீய குணங்களாகவும் அமைந்திருந்தன. சூஃபிகளின் கலைச்சொற்களைக் கட்டங்களில் எழுதிய அதே வகைப் பலகைகளும் இந்நாட்டில் இருந்துள்ளன. பகடை உருட்டுவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்க. இங்கு நாம் குறிப்பது அதில் பொதிந்த கருத்தை மட்டுமே.

அந்த மரபின் இன்றைய வாரிசாக ஒரு தமிழ் விளையாட்டைக் கூறலாம். அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரான்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை இறுதியில் அதை வெளியிட்டது. 1980-களின் பிற்பகுதியில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் பெண், அவர் கணவர், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை அது. ஆடுபவர் செய்ய வேண்டியது துப்பாக்கி ஏந்துவது அன்று, சமைப்பது. தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேட்டில் சில பகுதிகள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. இட்டலித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, புட்டுக் குழாயில் மாவையும் தேங்காயையும் எவ்வாறு நிரப்புவது, பிரியாணிக்கு எதை முன்னர் இடுவது என்று ஆடுபவரே சிந்தித்துக் கண்டறிய வேண்டும்.

அதை ஆடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. புள்ளி குவிப்பதற்கோ எவரையும் வீழ்த்துவதற்கோ அதில் இடமில்லை. மகன் வளர வளரத் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்வதையும், பின்னாளில் தாயின் கைமணத்தைத் தேடித் தானே அடுப்படிக்குத் திரும்புவதையும் காண்கிறோம். அந்த விளையாட்டு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடமிருந்து சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதைப் பெற்றது. ஒரு வீடியோ கேம், 'என் தாய் எனக்காக எதை விட்டுக்கொடுத்தாள்?' என்ற கேள்வியை ஒருவனின் நெஞ்சில் எழுப்பக்கூடுமானால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலுமா?

புள்ளிகள் நோக்கத்தை விழுங்கும்போது

இவ்வளவு நேரம் விளையாட்டின் சார்பில் பேசினோம். இனி அதன் மறுபக்கத்தையும் கூறுவது கடமை.

சி. தி. நுயென் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் விளையாட்டுகளைப் பற்றி 2020-இல் ஒரு நூல் எழுதினார். விளையாட்டு ஒரு கலை என்று போற்றும் அவரே ஓர் ஆபத்தையும் சுட்டிக்காட்டுகிறார். விளையாட்டில் மதிப்பு என்பது எண்ணாக, தெளிவாக இருக்கிறது. அதில் பழகிப்போன மனம், வெளி வாழ்விலும் அத்தகைய எண்களையே நாடுகிறது. உடல்நலத்துக்காக நடக்கத் தொடங்கியவர், கைக்கடிகாரம் காட்டும் காலடி எண்ணிக்கைக்காக நடக்கிறார். அறிவுக்காகப் படிக்கத் தொடங்கியவர் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறார். நம் ஆழ்ந்த நோக்கம் இருந்த இடத்தில் எளிய எண் ஒன்று வந்து அமர்ந்துவிடுகிறது.

பெரியவர்களே, இக்கூற்று பிள்ளைகளை மட்டும் குறித்தது அன்று. நம் ஊர் உழைப்புக்குப் பெயர் பெற்ற ஊர். மில்களும் பம்ப்செட்டுத் தொழிற்சாலைகளும் நிறைந்த மண் இது. ஆயினும் ஒரு தொழிலதிபர் மற்றொருவரைச் சந்தித்தால் முதலில் பேசுவது ஆண்டு விற்றுமுதலைப் பற்றித்தான். பெற்றோர் கூடினால் பிள்ளையின் கட்-ஆஃப் மதிப்பெண். திருமண வீட்டில் எத்தனை பேருக்கு விருந்து, எத்தனை பவுன் நகை. இவை அனைத்தும் புள்ளிப் பலகைகளே. மகன் கைபேசியில் காணும் எண்ணைத் தந்தை வங்கிக் கணக்கில் காண்கிறார். இருவரும் ஒரே நோயின் இரு கட்டங்களில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கண்டிக்கிறார்கள்.

இந்த நோயை உள்ளிருந்தே கண்டறிந்து எழுதியவர் நாம் முன்னர் குறிப்பிட்ட அதே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058-இல் தூஸ் நகரில் பிறந்த அவர்கள் 1091-இல் பாக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் தலைமை ஆசிரியரானார்கள். அன்றைய இஸ்லாமிய உலகில் ஓர் அறிஞர் எட்டக்கூடிய உச்சப் பதவிகளுள் அது ஒன்று. 1095-இல் அவர்கள் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள்: இந்தப் போதனையை நாம் எதற்காகச் செய்கிறோம்? நேர்மையாக ஆராய்ந்தபோது, புகழும் பதவியும்தான் தம்மை இயக்குகின்றன என்று கண்டார்கள். ஏறத்தாழ ஆறு மாத காலம் போகலாமா இருக்கலாமா என்று உள்ளம் ஊசலாடியது. இறுதியில் நா எழவில்லை. வகுப்பில் ஒரு சொல்லும் பேச முடியாமல் போயிற்று. பதவியைத் துறந்து டமாஸ்கஸ் நோக்கிப் புறப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் 1106-இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். இந்த வரலாற்றைத் தம் 'அல்முன்கித் மினழ்ழலால்' என்னும் நூலில் அவர்களே விவரித்துள்ளார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அவர்கள் விட்டுச் சென்ற தொழிலும் திரும்பி வந்து செய்த தொழிலும் ஒன்றே. முன்னரும் கற்பித்தார்கள், பின்னரும் கற்பித்தார்கள். மாறியது நிய்யத். ஒரு செயல் நமக்கு வாழ்வைத் தருமா, வாழ்வைத் தின்னுமா என்பதை அந்தச் செயலின் பெயரைக் கொண்டு கூறிவிட இயலாது; எதற்காக என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள விடையைக் கொண்டே கூற இயலும்.

பணம் கட்டி ஆடுவது

இங்கே ஒரு வகையைத் தனியே பிரித்துக் கூறியாக வேண்டும். ரம்மி, போக்கர் முதலிய பெயர்களில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களால் தமிழகத்தில் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுமைக்கும் தடை செய்து, மின் விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் வேறு வகையாகப் பிரித்தது.

சட்டம் செய்த அந்தப் பிரிவினையை நாமும் உள்ளத்தில் செய்துகொள்ள வேண்டும். கபடியில் தடையை நாம் விரும்பி ஏற்கிறோம். ஆடும் இன்பமே அதன் ஊதியம். பணம் கட்டும் ஆட்டத்தில் ஆடுபவனின் கண் அட்டையில் இல்லை. இழந்த தொகையில் இருக்கிறது. அங்கே அவன் விளையாடுபவன் அல்லன். பிறர் விளையாடும் காய். இலவசம் என்று வரும் விளையாட்டுகளிலும் 'டைமண்ட்', 'யூ.சி.' என்ற பெயர்களில் காசு கேட்கும் கடைகள் திறந்திருக்கின்றன. தாயின் கைபேசியிலிருந்து அத்தகைய கடைக்குப் பணம் செல்லும் வழி திறந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

இலக்கைத் தருபவர் யார்?

இனி நம் தலைப்பின் மையத்துக்கு வருவோம். விளையாட்டு வாழ்வின் நோக்கத்தைக் கற்பிக்குமா? ஓரளவு வரை கற்பிக்கும் என்பதே நம் விடை. விரும்பி ஏற்ற கடினம் இன்பம் தரும் என்று கற்பிக்கும். தோல்வி முடிவன்று என்று கற்பிக்கும். தோழனுக்காகத் தன் வெற்றியை விட்டுக்கொடுக்கவும் கற்பிக்கும். ஆனால் ஓரிடத்தில் அது நின்றுவிடுகிறது. ஆட்டத்தில் இலக்கை வேறொருவர் வைத்துத் தருகிறார். ஏன் இந்த இலக்கு என்று ஆட்டத்துக்குள் நின்று கேட்க இயலாது. வாழ்விலோ முதற்கேள்வியே அதுதான்.

இலக்கை வைக்காத விளையாட்டுகளும் உண்டு. ஸ்வீடன் நாட்டில் உருவாகி 2011-இல் முழுமையாக வெளிவந்த 'மைன்கிராஃப்ட்' அத்தகையது. ஆடுபவனை ஒரு பரந்த நிலத்தில் தனியே இறக்கிவிட்டு, இதைச் செய் என்று கூறாமல் விலகிக்கொள்கிறது. ஒரு சிறுவன் வீடு கட்டுகிறான். ஒருவன் சுரங்கம் தோண்டுகிறான். ஒருவன் பள்ளிவாசல் கட்டி மினாரா எழுப்புகிறான். சிலர் சலிப்புற்று வெளியேறிவிடுகிறார்கள். சுதந்திரம் கையில் கிடைத்தவுடன் எழும் அந்தச் சலிப்பும் தத்துவத்தின் தொடக்கமே.

இதே நிலையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு கதையாக எழுதியவர் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் தத்துவ ஞானி இப்னு துஃபைல். 1185-இல் மறைந்த அவருடைய நூல் 'ஹய் இப்னு யக்ழான்'. உயிருள்ளவன், விழித்திருப்பவனின் மகன் என்பது அப்பெயரின் பொருள். மனிதரே இல்லாத தீவில் ஒரு மான் பாலூட்டி வளர்த்த குழந்தை ஹய். தாய்மான் இறந்தபோது, அதன் உடலை விட்டு நீங்கியது எது என்று அவன் தேடத் தொடங்குகிறான். உடலை ஆராய்கிறான், தீயைக் கண்டறிகிறான், விண்மீன்களை நோக்குகிறான், ஆசிரியரும் நூலும் இன்றிப் படைத்தவனைப் பற்றிய சிந்தனை வரை சென்றடைகிறான். அவனுடைய தேடல் தொடங்கியது அன்பு கொண்ட ஒன்றை இழந்ததில். 1671-இல் லத்தீனிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பா ஆர்வத்துடன் படித்தது.

தீவுக்குச் செல்வானேன்? நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் கண்ட மோட்டார் சைக்கிள் அவருடைய மனத்தைக் கவர்ந்தது. அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் உணவு விடுதியில் பணியாளராக வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவ்வாறு செய்யுமாறு அவருக்கு எவரும் ஆணையிடவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. சூட்ஸ் கூறிய அந்த விரும்பி ஏற்ற தடை இதுவே. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். இயந்திரங்கள் செய்தார். 1945-இல் தொழிற்கல்வி நிலையம் அமையக் காரணமானார். 1974-இல் மறைந்த அவருடைய பெயரை, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலம் தாங்கி நிற்கிறது. ஆசையில் தொடங்கிய ஆட்டம் ஊருக்குப் பயன்படும் பணியானது. ஆட்டம் எந்த இடத்தில் வாழ்வாக மாறுகிறது என்று கேட்டால், பிறருடைய தேவையைச் சந்திக்கும் இடத்தில் என்போம்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களுக்கு நாம் கூற விரும்புபவை நான்கு. முதலாவதாக, உங்கள் பிள்ளை ஆடும் விளையாட்டின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். ஒரு மாலையேனும் அருகில் அமர்ந்து, "இதில் என்ன செய்ய வேண்டும், எனக்கும் கற்றுக்கொடு" என்று கேளுங்கள். கற்பிக்கும் இடத்தில் அமரும் பிள்ளை பேசத் தொடங்குவான்.

இரண்டாவதாக, வீட்டிலும் மஹல்லாவிலும் அவனுக்கென ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அது பொய்யான வேலையாக இருத்தல் ஆகாது. அவன் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலையாக இருக்க வேண்டும். பாட்டியின் மருந்து வாங்கும் பொறுப்பு, மக்தபுச் சிறார்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு, ஜமாஅத்தின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு என்று எத்தனையோ உண்டு. திரையில் அவனுடைய அணி அவனைத் தேடுவதுபோல் ஊரும் அவனைத் தேட வேண்டும்.

மூன்றாவதாக, விளையாட இடம் கொடுங்கள். மைதானம் சுருங்கி, தெருவெல்லாம் வாகனம் நிறைந்த நகரில், வெளியே போய் விளையாடு என்று கூறினால் மட்டும் போதாது.

நான்காவதாக, நோயை நோயாகவே காணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்று, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற அனைத்தையும் பின்தள்ளி அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்த பின்னரும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்தால் அதைக் கருத வேண்டும் என்கிறார்கள். அதிகம் ஆடும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் அல்லர். ஆனால் இந்த அறிகுறிகள் தென்பட்டால் அடியும் வசையும் மருந்தாகா. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்து அமர்கிறோம். ஆடும்போதும், படிக்கும்போதும், நாளை தொழில் செய்யும்போதும் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இலக்கை எனக்கு வைத்தவர் யார்? புள்ளியை எவரும் பார்க்கவில்லை என்றாலும் இதைச் செய்வேனா? நான் இதைச் செய்வதால் பயன் பெறுபவர் யார்? இம்மூன்றையும் உங்கள் தந்தையிடமும் மரியாதையுடன் கேட்கலாம். அவரும் தம் தொழிலைக் குறித்து விடை கூறட்டும். அன்று இரவு உங்கள் வீட்டில் வாக்குவாதத்துக்குப் பதிலாக ஓர் உரையாடல் நிகழும்.

நம் பிள்ளைகளின் ஆற்றலை நல்வழியில் செலுத்தவும், நம் நிய்யத்தைச் சீர்செய்துகொள்ளவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.